ஹைபிரிட் மெத்தை: உறைக்குள்ளே என்ன இருக்கு?

கடந்த ரெண்டு மாசமா எங்கள் வீட்டு எக்செல் ஷீட்டில் மெத்தைகள்தான் படுத்துக் கிடக்கின்றன. விலை, உயரம், டென்சிட்டி, வாரண்டி என்று பதினேழு நெடுவரிசைகள். காரணம், மனைவிக்கு ஒன்றரை வருஷமாக இருக்கும் கீழ்முதுகு வலி. ஸ்கேன் எடுத்தாச்சு, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிட்டார். ஆனால் காலையில் எழுந்த முதல் அரைமணி நேரம் குனிந்து பால் பாக்கெட்டை எடுக்க முடியாது. "மெத்தையை விட்டுட்டு தரையில படு, எல்லாம் சரியாயிடும்" என்று சொந்தத்தில் பத்து பேராவது சொல்லியிருப்பார்கள். நாலு மாசம் கோரைப்பாயில் படுத்தும் பார்த்தார். இடுப்பு வலியோடு தோள்பட்டை வலியும் சேர்ந்ததுதான் மிச்சம்.

சரி, நல்ல மெத்தையாக ஒன்று வாங்கலாம் என்று இறங்கினால், ஏறிய கடையெல்லாம் சொன்ன ஒரே வார்த்தை "ஹைபிரிட்". ஒரே அளவு மெத்தை, எல்லாமே ஹைபிரிட், ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலையில் மூன்று மடங்கு வித்தியாசம். ஏன் என்று கேட்டால் "இது பிரீமியம் சார்" என்பதற்கு மேல் பதில் வராது. இந்தக் கட்டுரை அந்த "ஏன்" பற்றியது. எந்த பிராண்டு நல்லது என்று சொல்லப்போவதில்லை. ஹைபிரிட் என்பது ஒரு அமைப்பின் பெயர், தரத்தின் பெயர் இல்லை. உள்ளே இருக்கும் கம்பியின் தடிமனும் நுரையின் எடையும் தெரியாமல் அந்தப் பெயருக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. இதைத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்.

முதலில் அமைப்பு. கீழே தனித்தனி துணிப்பைகளில் அடைத்த ஸ்பிரிங்குகள் (பாக்கெட் ஸ்பிரிங்). மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஃபோம், மெமரி ஃபோம் அல்லது ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ். இந்த இரண்டும் சேர்ந்தால் ஹைபிரிட். மேல் அடுக்கு குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கணும் என்று சட்டமோ கட்டாய விதியோ கிடையாது. அரை அங்குல ஃபோமை ஸ்பிரிங் மேல் ஒட்டிவிட்டு ஹைபிரிட் என்று எழுதினால் யாரும் கேட்க முடியாது.

பாக்கெட் ஸ்பிரிங் புதுசு என்று விளம்பரங்கள் பேசுகின்றன. 1900 வாக்கிலேயே வந்துவிட்ட விஷயம் அது. கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய கம்பெனியின் பெயரே 'மார்ஷல் வென்டிலேட்டட் மேட்ரஸ் கம்பெனி'. காற்றோட்டம்தான் அன்றைக்கு அவருடைய விளம்பரம். நம்ம ஊர் வெயிலுக்கு இன்றைக்கும் ஹைபிரிட் வாங்குவதற்கு முதல் காரணம் அதுவாகத்தான் இருக்கணும், பின்னால் வருகிறேன்.

மேல் அடுக்கில் வரும் மெமரி ஃபோமுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. "நாசா விண்வெளி வீரர்கள் தூங்குவதற்காகக் கண்டுபிடித்தது" என்று கடையில் சொல்வார்கள். பாதி நிஜம். 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது, விமான இருக்கைகளின் மெத்தைக்காக. விபத்தில் அதிர்ச்சியைத் தாங்கணும், நீண்ட பயணத்தில் உட்கார சுகமாக இருக்கணும், இதுதான் தேவை. படுக்கையறைக்கு வந்தது ரொம்ப வருஷம் கழித்து, 1990-களில்.

இப்போ கணக்குக்கு வருவோம். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த ஹூக் விதி ஞாபகம் இருக்கா? ஸ்பிரிங்கை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோமோ அதற்கேற்ப அது அமுங்கும். எவ்வளவு விசைக்கு எவ்வளவு என்பதைச் சொல்வது ஸ்பிரிங் மாறிலி. ஒரு சுருளுக்கு இந்த மாறிலி மூன்று விஷயங்களைப் பொறுத்தது. கம்பியின் தடிமன் கூடினால் அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். சுருளின் விட்டம் கூடினால் அதன் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். சுற்றுகளின் எண்ணிக்கை கூடினாலும் குறையும்.

நான்காம் அடுக்கு என்பதைச் சும்மா படித்துவிட்டுத் தாண்டிப் போயிடாதீங்க. 1.8 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 2 மில்லிமீட்டர் போட்டால் என்ன ஆகும்? தடிமன் 11 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் ஸ்பிரிங்கின் இறுக்கம் 52 சதவீதம் கூடுகிறது. கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாத கம்பி, படுத்தால் வேறு மெத்தை.

ஒரு மாதிரிக் கணக்கு. 2 மி.மீ. எஃகுக் கம்பி, 6 செ.மீ. விட்டம், ஐந்து சுற்று. இந்தச் சுருளை ஒரு சென்டிமீட்டர் அமுக்க சுமார் 150 கிராம் எடை போதும். நான் 86 கிலோ. மல்லாந்து படுக்கும்போது மெத்தையில் படும் பரப்பை அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை அங்குலத்துக்கு ஒரு சுருள் என்றால் எனக்குக் கீழே சுமார் 124 சுருள்கள். ஆளுக்கு, மன்னிக்கணும், சுருளுக்கு 700 கிராம். சராசரியாக நாலரை, அஞ்சு செ.மீ. அமுங்கும். அதே இடத்தில் 1.8 மி.மீ. கம்பி இருந்தால் ஏழு செ.மீ. இது வெறும் சராசரிதான். உடம்பின் எடையில் கிட்டத்தட்ட பாதி தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருப்பதால் இடுப்பு இன்னும் ஆழமாகப் போகும், கால்கள் மேலேயே நிற்கும். அந்த இடைவெளியில்தான் முதுகெலும்பு வளைகிறது. (நிஜத்தில் சுருளைக் கொஞ்சம் அமுக்கித்தான் பைக்குள் அடைப்பார்கள், அதனால் ஆரம்ப அமுக்கம் குறையும். மேல் ஃபோமும் சுமையைப் பரப்பும். கணக்கின் திசை மாறாது.)

கடையில் தடிமனை "கேஜ்" என்று சொல்வார்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலிசு. 14 கேஜ் என்பது சுமார் 2.03 மி.மீ., 15 கேஜ் 1.83 மி.மீ. "எத்தனை கேஜ்?" என்று நான் கேட்ட கடைகளில் ஒன்றில் மட்டும் குடோனுக்கு போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்கள். மற்ற இடங்களில் கிடைத்த பதில் "நம்பர் ஒன் ஸ்பிரிங் சார்".

அடுத்து ஸ்பிரிங் எண்ணிக்கை. "2000 ஸ்பிரிங்" என்று அட்டையில் பெரிசாகப் போட்டிருக்கும். கால்குலேட்டரை எடுங்க. 78×72 அங்குல மெத்தையின் பரப்பு 5616 சதுர அங்குலம். இரண்டரை அங்குலச் சுருளை வரிசையாக அடுக்கினால் சுமார் 900 கொள்ளும். தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கினால் இன்னும் 15 சதவீதம், ஆயிரத்து சொச்சம். 2000 வேண்டுமென்றால் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கும் குறைவான குட்டிச் சுருள்களாக இருக்கணும், இல்லாவிட்டால் இரண்டு அடுக்கு இருக்கணும். இரண்டும் செய்யக்கூடியதுதான். ஆனால் எது என்று கேட்டால் விற்பவருக்குத் தெரிந்திருக்கணும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் எண்ணிக்கை கூடுவதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. கம்பி மெலிசாகிவிட்டால் நஷ்டம்.

இனி ஃபோம். குழப்பம் அதிகம் இருப்பதும் ஏமாற்று அதிகம் நடப்பதும் இங்கேதான்.

"40 டென்சிட்டி சார், நல்லா ஹார்டா இருக்கும்." இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. டென்சிட்டி என்பது அடர்த்தி, ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ என்பது மட்டும்தான். 40 டென்சிட்டி என்றால் கன மீட்டருக்கு 40 கிலோ. அது கடினமா மென்மையா என்பதை அது சொல்லாது. 40 டென்சிட்டியில் பஞ்சு மாதிரியும் செய்யலாம், பலகை மாதிரியும் செய்யலாம். கடினத்தன்மைக்குத் தனி அளவு உண்டு. 50 சதுர அங்குல வட்டத் தட்டை வைத்து நுரையை அதன் உயரத்தில் 25 சதவீதம் அமுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பார்கள். ஐஎல்டி அல்லது ஐஎஃப்டி என்று பெயர். டென்சிட்டி சொல்வது ஆயுளை. அடர்த்தி குறைந்த நுரையில் அறைகளின் சுவர்கள் மெலிசு. ஆயிரக்கணக்கான இரவுகளின் அமுக்கத்தில் அவை உடையும், பள்ளம் விழும். ஆகவே இரண்டு எண்கள், இரண்டு கேள்விகள். கடையில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றுக்கும் சேர்த்து விற்கிறார்கள்.

இதே சோதனையில் 65 சதவீதம் அமுக்கவும் எவ்வளவு விசை என்று அளப்பார்கள். அதை 25 சதவீத விசையால் வகுத்தால் வரும் எண் எனக்கு ரொம்பப் பிடித்த எண். படுத்தவுடனே மென்மையாக உள்வாங்கி, போகப்போக எதிர்த்து நிற்கிறதா என்று அது சொல்கிறது. சாதாரண பாலியூரித்தேன் நுரைக்கு இரண்டை ஒட்டி இருக்கும். லேடெக்ஸுக்கு மூன்றை நெருங்கும். தோள்பட்டை உள்ளே போகணும், இடுப்பு ரொம்பப் போகக்கூடாது என்பதுதான் ஒருக்களித்துப் படுப்பவர்களின் பிரச்சினை. என் மனைவி அந்த ரகம். பாய் அவருக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. பாயில் எதுவுமே உள்ளே போகாது. தோளும் இடுப்பு எலும்பும் மொத்த எடையையும் வாங்கிக்கொள்ளும்.

டென்சிட்டி சொன்னது நிஜமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மெத்தையை வெட்டத் தேவையில்லை, எடை போதும். 78×72 அளவில் இரண்டு அங்குல அடுக்கின் கன அளவு 0.184 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் அந்த அடுக்கு மட்டும் 5.9 கிலோ, 40 என்றால் 7.4 கிலோ, 20 என்றால் 3.7 கிலோ. நிஜ லேடெக்ஸ் 75 டென்சிட்டி என்றால் கிட்டத்தட்ட 14 கிலோ. இரண்டு அங்குல லேடெக்ஸ் இருப்பதாகச் சொல்லும் ஒரு மெத்தையின் மொத்த எடையைக் கேட்டு, ஸ்பிரிங்குக்கும் மற்ற அடுக்குகளுக்கும் கழித்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். "லேடெக்ஸ் ஃபீல்", "லேடெக்ஸ் டைப்" என்ற வார்த்தைகளைப் பார்த்தால் உஷார். அது லேடெக்ஸ் இல்லை, துள்ளல் கூடிய பாலியூரித்தேன்.

இந்த எடைக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. நுரை தயாரிக்கும்போதே சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து எடையைக் கூட்டுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. எடை கூடும், ஆயுள் கூடாது. அதனால் எடை குறைவாக இருந்தால் நிச்சயம் வேண்டாம் என்று சொல்லலாமே தவிர, எடை இருப்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட முடியாது.

ஃபோமும் ஸ்பிரிங்கும் ஒன்றின் மேல் ஒன்று இருப்பதால் தொடரிணைப்பு. தொடரிணைப்பில் எது மென்மையோ அதுதான் முதலில் அமுங்கித் தள்ளும். மேலே ஒரு அங்குலம் மலிவு ஃபோம் என்றால் நிமிஷத்தில் அது முழுசாக அமுங்கி, அதற்குப் பிறகு நீங்கள் படுத்திருப்பது வெறும் ஸ்பிரிங்கில். மாறாக, மேலே நாலைந்து அங்குலம் மென்மையான மெமரி ஃபோம் இருந்தால் கீழே எவ்வளவு நல்ல ஸ்பிரிங் போட்டும் பலன் குறைவு. உடம்பு மேல் அடுக்கிலேயே புதைந்துவிடும். ரெண்டும் ஹைபிரிட்தான். என் கணிப்பில் இரண்டிலிருந்து மூன்று அங்குலம்தான் நடுவழி. ஆள் கனமாக இருந்தால் மேல் அடுக்கு அதிகம் வேண்டியதில்லை, கம்பி தடிமனாக வேண்டும்.

இப்போ முக்கியமான கேள்வி. முதுகு வலிக்குக் கடினமான மெத்தைதான் நல்லதா? தலைமுறை தலைமுறையாக டாக்டர்களும் சொல்லி, நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்லும் விஷயம் இது. "ஆர்த்தோ" என்று பெயர் போட்டு விற்கும் மெத்தைகள் பலகை மாதிரி இருப்பதற்கும் இந்த நம்பிக்கைதான் காரணம். அந்தப் பெயருக்கும் எந்த மருத்துவத் தகுதியும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

2003-ல் லான்செட் இதழில் வந்த ஒரு ஆய்வு இதை நேராகச் சோதித்தது. ஸ்பெயினில் ஃபிரான்சிஸ்கோ கோவாக்ஸ் குழு செய்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேர். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கடின மெத்தை, இன்னொரு பகுதிக்கு நடுத்தரக் கடினம். யாருக்கு எது என்று படுப்பவருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், படுக்கையில் இருக்கும்போது வலி, எழுந்திருக்கும்போது வலி, அன்றாட வேலையில் முடக்கம் மூன்றிலும் நடுத்தர மெத்தைக்காரர்கள்தான் நன்றாகத் தேறியிருந்தார்கள். இடுப்பு வலிக்காரர்களைத் தரையில் தள்ளுவதற்கு முன்னால் ஒருதடவை இதைப் படிக்கலாம்.

படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அந்த ஆய்வில் பயன்படுத்திய ஐரோப்பிய அளவுகோலில் 1 என்பது மிகக் கடினம், 10 என்பது மிக மென்மை. கடின மெத்தைக்கு 2.3, நடுத்தரத்துக்கு 5.6. இப்போது இணையத்தில் மெத்தை விற்பவர்கள் போடும் 10-க்கு இத்தனை என்ற அளவுகோல் தலைகீழ், அங்கே 10 தான் மிகக் கடினம். அதுவும் ஒவ்வொருவரும் தாங்களே போட்டுக்கொள்ளும் மார்க். இன்னொன்று, அந்த ஆய்வு சோதித்தது கடினத்தன்மையைத்தான். ஹைபிரிட்டா, ஃபோமா, தேங்காய் நாரா என்ற கேள்விக்கு அதில் பதில் தேடக்கூடாது. நாங்கள் ஹைபிரிட் பக்கம் சாய்ந்ததற்கு அந்த ஆய்வு காரணமில்லை. காரணம் சென்னை.

மெமரி ஃபோமின் குணம் வெப்பத்தோடு மாறும். குளிரில் கட்டியாகும், சூட்டில் இளகும். உடம்புச் சூடு பட்ட இடம் மட்டும் இளகி வழிவிடணும் என்பதுதான் அதன் சூட்சுமமே. 20 டிகிரி அறையில் படுத்துப் பார்த்து வெளிநாட்டுக்காரர் "நடுத்தரம்" என்று எழுதிய மெத்தை, மே மாத இரவில் கரண்ட் போன சென்னை அறையில் நடுத்தரமாக இருக்காது. சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும். அதோடு, நாம் தூங்க ஆரம்பிக்கும்போது உடம்பு தன் உள்வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கியாகணும். தோல் வழியாகச் சூட்டை வெளியேற்றித்தான் அதைச் செய்கிறது. நம்மைச் சுற்றி அணைத்துக்கொள்ளும் நுரை அந்த வழியை அடைக்கிறது. "கூலிங் ஜெல்" என்று மேலே நீல நிறத்தில் போடுவது படுத்த சில நிமிஷங்களுக்குச் சில்லென்று இருக்கும். அப்புறம் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், போக்கிடம் இல்லாத சூடு அங்கேயே நிற்கும்.

ஸ்பிரிங் அடுக்கில் பெரும்பகுதி வெறும் காற்று. நாம் புரளும்போதெல்லாம் துருத்தி மாதிரி காற்று உள்ளே வெளியே போய் வரும். மார்ஷலின் 'வென்டிலேட்டட்' இதுதான். ஏசி இல்லாமலோ, நள்ளிரவில் ஏசியை நிறுத்திவிட்டோ தூங்கும் வீட்டுக்கு ஸ்பிரிங் மேல் துளை போட்ட லேடெக்ஸ் என்பது மெமரி ஃபோமைவிட எவ்வளவோ மேல். லேடெக்ஸுக்குச் சூட்டில் இப்படி இளகும் குணமும் குறைவு. மலைப்பகுதியில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

படுக்கை சுகத்துக்கு அடுக்கடுக்காகப் பொருள் போடுவது நமக்கும் புதுசில்லை. நெடுநல்வாடையில் அரசியின் கட்டில் வர்ணனை வரும். நாற்பது வயது யானையின் தந்தத்தில் செய்த கட்டில், அதன் மேல் அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை. அவ்வளவும் இருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, ராஜா பாசறையில் இருக்கிறார். அந்த வகைத் தூக்கமின்மைக்கு எந்த ஷோரூமிலும் மருந்து கிடையாது.

இரண்டு பேர் படுக்கும் மெத்தைக்கு வேறு ஒரு சிக்கல். நான் 86, மனைவி 57. பழைய மாதிரி, எல்லாச் சுருளையும் கம்பியால் பின்னிய ஸ்பிரிங் மெத்தையில் நான் புரண்டால் அவர் விழித்துக்கொள்வார். கனமான ஆள் பக்கம் மெத்தை சரியும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனி என்பதால் அது ரொம்பக் குறையும். கடையில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பக்கத்தில் குதித்துக் காட்டுவார்கள். நல்ல வேடிக்கை, ஆனால் இந்தச் சோதனையில் தேறாத பாக்கெட் ஸ்பிரிங்கே இருக்காது என்பதால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. எடை வித்தியாசம் ரொம்ப அதிகம் என்றால் இரண்டு 78×36 மெத்தைகளை வேறு வேறு கடினத்தில் வாங்கி அருகருகே போட்டு, மேலே ஒரே விரிப்பு. நடுவில் ஒரு கோடு உறுத்தும். எங்கள் வீட்டில் இந்த யோசனை வாக்கெடுப்பில் தோற்றது.

வயசானவர்கள் இருக்கும் வீட்டில் நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. அம்மா வந்தால் எங்கள் கட்டிலில்தான் படுப்பார். எழுந்திருக்கும்போது விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பிறகுதான் நிற்பார். ஓரம் தொய்ந்தால் சறுக்கும். ஸ்பிரிங்கைச் சுற்றி கெட்டி ஃபோம் சுவர் வைத்திருக்கிறார்களா, அல்லது ஓர வரிசைகளுக்குத் தடித்த கம்பி போட்டிருக்கிறார்களா என்று கேளுங்க. பிறகு உயரம். எங்கள் தேக்குக் கட்டில் 17 அங்குலம். அதன் மேல் 10 அங்குல மெத்தை போட்டால் 27. அம்மாவுக்குத் தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 16 அங்குலம்தான். கால் அந்தரத்தில் தொங்கும். ராத்திரி பாத்ரூம் போக இறங்கும்போது குதித்துத்தான் ஆகணும். விளம்பரத்தில் உயரமான மெத்தை ராஜகம்பீரமாகத் தெரியும். எழுபதைத் தாண்டியவருக்கு அந்த நாலு அங்குலம் இடுப்பெலும்பு முறிவுக்கான ஏற்பாடு. உயரம் கூடக்கூட விலையும் கூடுவதால் கடைக்காரர் உங்களை மேலேதான் ஏற்றப் பார்ப்பார்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது 8 அங்குலம். கீழே 14 கேஜ் பாக்கெட் ஸ்பிரிங், மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ், சுற்றிலும் ஃபோம் சுவர். கட்டிலின் காலில் நாலு அங்குலத்தை ஆசாரி அறுத்தெடுத்தார். தேக்குக் காலை அறுக்க அவருக்கே மனசு வரவில்லை. இப்போது மொத்தம் 21. அம்மாவுக்கு இன்னும் உயரம்தான், ஆனால் விளிம்பு அமுங்கும்போது பாதம் தரையைத் தொடுகிறது.

கடையில் படுத்துப் பார்க்கும்போது இரண்டு நிமிஷம் மல்லாந்து படுத்துவிட்டு எழுந்து வராதீங்க. வீட்டில் எப்படித் தூங்குவீங்களோ அப்படியே, கால் மணி நேரமாவது. வெட்கமாகத்தான் இருக்கும், பத்து வருஷத்துக்கான பொருள். மல்லாந்து படுத்தவர் இடுப்புக்குக் கீழே கையை நுழைக்கலாம். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை ரொம்பக் கடினம், நுழையவே முடியாவிட்டால் ரொம்ப மென்மை. ஒருக்களித்துப் படுப்பவரைப் பின்பக்கமிருந்து செல்போனில் படம் எடுங்க. கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்கணும். கூடவே உங்கள் தலையணையையும் கொண்டுபோங்க. மெத்தை மாறினால் தோள் உள்ளே போகும் ஆழம் மாறும், அதனால் தலையணை உயரமும் மாறணும். புது மெத்தை வாங்கிக் கழுத்து வலி வந்தவர்கள் நிறைய பேருக்குப் பிரச்சினை பழைய தலையணையில்தான்.

வாரண்டியில் 10 வருஷம், 15 வருஷம் என்ற எண்ணை விட்டுவிட்டு எவ்வளவு பள்ளம் விழுந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று தேடுங்க. ஆள் இல்லாதபோது ஒன்று, ஒன்றரை அங்குலப் பள்ளம் தெரியணும் என்று பலர் எழுதியிருப்பார்கள். முதுகு அரை அங்குலத்திலேயே புகார் சொல்ல ஆரம்பித்துவிடும். கறை பட்டால் செல்லாது, கட்டில் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் இருந்தால் செல்லாது என்பதும் அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சிலர் 100 இரவு பரிசோதனைக் காலம் தருகிறார்கள். அது 10 வருஷ வாரண்டியைவிட உபயோகமானது. திருப்பி எடுத்துக்கொள்ளும்போது போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கோங்க. 'ஓகோ-டெக்ஸ்' மாதிரி முத்திரை இருந்தால் துணியிலும் நுரையிலும் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்லதுதான். பள்ளம் விழாது என்று அது உத்தரவாதம் தரவில்லை.

சுருட்டி வந்த மெத்தை என்றால் வந்த அன்றே பிரிச்சிடுங்க. அமுக்கி வைத்த நுரை நாளாக ஆக எழுந்திருக்க மறுக்கும். பிரித்து ஒரு நாள், இரண்டு நாள் விட்டால் வாசனையும் போகும். ஹைபிரிட்டைப் புரட்டிப் போட முடியாது, மேல்பக்கம் மேலேதான். ஆனால் தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றலாம், மூன்று மாசத்துக்கு ஒருமுறை. கட்டில் இல்லாமல் நேராகத் தரையில் போடாதீங்க. கீழே காற்று போகாமல் வியர்வை ஈரம் தங்கி, மழைக்காலத்தில் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும்.

பழைய மெத்தையை என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. ஊரில் இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டிப் போனால், தெருவில் வில்லோடு வருபவரைக் கூப்பிட்டு, உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, கூட இரண்டு கிலோ சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மறுபடி அஞ்சாறு வருஷம் ஓடும். ஹைபிரிட்டில் எஃகு, பாலியூரித்தேன், ரப்பர், பாலிப்ரொப்பிலீன் துணி எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். எடைக்குப் போடும் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கம்பியை மட்டும் பிரிச்சுக் குடுங்க சார், எடுத்துக்கிறேன்" என்றார். ஒன்றை அறுத்துப் பார்த்தேன். ஒரு சுருளைப் பையிலிருந்து எடுக்க ஒரு நிமிஷம். உள்ளே 800-க்கு மேல் இருக்கிறது.